கட்டி கசிந்த ஐந்து நிமிஷம்

மயக்க மருந்து டாக்டரின் வேலை சரியாக நடந்துவிட்டால், அவர் ஒன்றுமே செய்யாத மாதிரிதான் தெரியும். புனேயில் இந்தப் பிழைப்பு பிழைக்கும் எனக்கு மட்டுமல்ல, ஆபரேஷன் தியேட்டரில் நிற்கிற உங்கள் எல்லோருக்கும் இது தெரிந்ததுதான்.

எந்த நாய்?

மீனாட்சி சேலத்துக்காரர், தேஹு ரோடு ராணுவக் கிடங்கில் குமாஸ்தா. கல்லீரலில் சின்னத் தேங்காய் அளவுக்கு நீர்க்கட்டி. நாயின் குடலில் வாழும் புழுவின் முட்டை, சரியாகக் கழுவாத கீரையோடு உள்ளே போயிருக்கலாம் என்று விளக்கினேன். நாயை வாசற்படி ஏற விட்டதே இல்லையே என்று அவர் வருத்தப்பட்டார். ஸ்டேஷன் பக்கத்து நாய்களுக்குத் தினமும் பிஸ்கட் போடும் கணவர் ரவி தலையைக் குனிந்துகொண்டார்.

இது பல வருஷம் சத்தமில்லாமல் வளர்வது, எப்படி வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது என்றேன். மீனாட்சி கணவரைப் பார்த்துச் சொன்னார்: "நாய்க்குப் போடுங்க, வேணாங்கல. கைய கழுவாம என் தட்ட மட்டும் தொடாதீங்க."

தொண்ணூறு வரும் வரை

இந்த ஆபரேஷனில் பயமே கட்டிக்குள் இருக்கும் நீர் சிந்துவதுதான். சிந்திய இடத்தில் புழு மறுபடி முளைக்கும். ஒவ்வாமையில் உயிரே போகலாம். சர்ஜன் தேஷ்பாண்டே கட்டியைச் சுற்றி, புழுவைக் கொல்லும் உப்புநீரில் நனைத்த துணிகளை அடுக்கிவிட்டு, ஊசியால் நீரை உறிஞ்ச ஆரம்பித்தார்.

ஊசியோரம் கொஞ்சம் கசிந்தது. துணி அதை உறிஞ்சிக்கொண்டது. ஆனாலும் மீனாட்சியின் முகம் சிவந்து, ரத்த அழுத்தம் அறுபதுக்கு இறங்கியது. அட்ரினலின் கொடுத்தேன். தேஷ்பாண்டே ஊசியை அசைக்காமல் பிடித்தபடி நின்றார். அழுத்தம் ஏறவில்லை. இன்னொரு முறை கொடுத்தேன். எழுபது. அப்புறம் தொண்ணூறு. அப்புறம் நூற்றுப்பத்து. என் முதுகு நனைந்திருந்தது.

கட்டிக்குள்ளிருந்த வெள்ளைச் சவ்வை, இளநீர் வழுக்கையை வழித்தெடுப்பதுபோல் முழுசாக எடுத்த பிறகுதான் தேஷ்பாண்டே வாயைத் திறந்தார். இந்தியில் கேட்டார்: "மேடம், இப்ப நான் மூச்சு விட்டுக்கலாமா?"

சொல்லித்தான் ஆகணும்

ஐந்தாம் நாள், கசிவு வடிய வயிற்றில் வைத்திருந்த குழாயை எடுத்தார்கள். பித்தம் கசியவில்லை, காய்ச்சலும் இல்லை. அன்றைக்குத்தான் தியேட்டரில் நடந்ததை இரண்டு பேரிடமும் மறைக்காமல் சொன்னேன். இன்னும் சில மாதம் மாத்திரையும் ஸ்கேனும் ஏன் அவசியம் என்றும் சொன்னேன். ரவி சன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கோபப்படுவாரோ என்று நான் பயந்தது மீனாட்சியை நினைத்துத்தான். அவரோ என் கையைப் பிடித்துக்கொண்டார்: "நான் நல்லா தூங்கிட்டேன், ஒண்ணும் தெரியல. பாவம், நீங்கதான் முழிச்சிட்டு இருந்திருக்கீங்க."

ஆறு மாதம் கழித்து ஸ்கேன் சுத்தமாக வந்தபோதுதான் அந்த ஐந்து நிமிஷ பயம் என்னை விட்டது. அப்போது புரிந்தது, நோயாளிகளைவிட நாம்தான் மெதுவாகக் குணமாகிறோம் என்று.