அண்ணாவின் பூணூலும் ஒரு மிரர் பட்டனும்

பாதி முகத்தைச் செய்தால் போதும், மறுபாதியைக் கம்ப்யூட்டரே போட்டுக்கொள்ளும். மிரர் என்கிற அந்த ஒற்றைப் பட்டனை நம்பித்தான் ஐந்து வருடமாக அனிமேஷன் வேலையில் குப்பை கொட்டிக்கொண்டிருக்கிறேன். இப்போதெல்லாம் அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.

அண்ணா கல்யாணத்துக்கு அழைப்பிதழ் வீடியோவை நான்தான் செய்வேன் என்று வம்படியாக ஏற்றுக்கொண்டேன். அப்பா போய் ஒரு வருடம் தாண்டிவிட்டது. அம்மா வாய்விட்டுச் சிரித்து நாங்கள் யாரும் பார்க்கவில்லை. கல்யாண வேலை ஆரம்பித்த பிறகும் எதிலும் ஒட்டாமல்தான் இருந்தாள். இதைப் பார்த்தாவது சிரிக்க மாட்டாளா என்றுதான் மூன்று வாரம் உட்கார்ந்து இழைத்தேன். பஞ்சகச்சம் கட்டி, வெற்று மார்பில் பூணூலோடு அண்ணா. பக்கத்தில் பட்டுப்புடவையில் சோழவந்தான் மன்னி. இருவரும் சிரித்தபடி கைகூப்புவார்கள்.

எல்லாம் முடிந்தது என்று நிமிர்ந்தால், வில்லாபுரத்திலிருந்து மாமா போன் செய்கிறார். அம்மாவின் தம்பி, கோயிலில் பூஜை செய்பவர். மாதிரிக்கு அவருக்கு அனுப்பித் தொலைத்திருந்தேன்.

"ஏன்டா, பொண்ணை இடது பக்கம் நிறுத்தியிருக்கே? மாப்பிள்ளைக்கு வலது பக்கம்னா நிக்கணும். இன்னும் தாலியே ஏறலை. மாத்துடா."

மறுநாள் காலையில் வீடியோ போயாக வேண்டும். இடத்தை மாற்றினால் நிழல், வெளிச்சம், அசைவு எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். ஆபீஸில் புலம்பினேன்.

"எதுக்கு மாப்ள இம்புட்டு டென்ஷன்?" என்றான் பக்கத்து சீட் நண்பன். "மொத்தமா மிரர் போட்டு விடு. ஆள் இடம் மாறிரும். அம்புட்டுதான."

போட்டேன். ஒரே நொடியில் மன்னி அண்ணாவுக்கு வலது பக்கம் வந்துவிட்டாள். எழுத்தெல்லாம் இடவலமாய்த் திரும்பியிருந்தது, சரிசெய்தேன். மன்னியின் மூக்குத்தி அடுத்த பக்கம் போயிருந்தது, முந்தானை தோள் மாறியிருந்தது. அவற்றையும் பிடித்துவிட்டேன். என் கண்ணுக்குத் தப்பி எதுவும் போகாது என்று அப்போது எனக்கு ஒரே மிதப்பு. மாமாவுக்கு மறுபடி அனுப்பினால் இன்னொரு நொட்டை சொல்வார் என்று, அனுப்பவில்லை.

காலையில் ஆனையூர் வீட்டில் அம்மா காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். போனை நீட்டினேன். நாதஸ்வரம் ஒலித்தது. மன்னியைப் பார்த்து அவள் உதட்டோரம் லேசாக விரிந்தது. அடுத்ததாக அண்ணா கைகூப்பினான். அம்மாவின் முகம் அப்படியே நின்றுவிட்டது.

"உங்கப்பாவுக்குக் கொள்ளி வைக்கப் போறச்சே இவன் இப்படித்தான்டா போட்டுண்டு நின்னான்."

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. போனைப் பிடுங்கிப் பார்த்தேன். பூணூல் இடது தோளுக்குப் பதில் வலது தோளில் கிடந்தது. பித்ரு காரியத்துக்குத்தான் அப்படி மாற்றிப் போடுவோம். கல்யாணக் கோலத்தில், சிரித்த முகத்தோடு, அண்ணா அப்படி நின்றுகொண்டிருந்தான்.

எப்படித் தவறவிட்டேன் என்று யோசித்து யோசித்து மண்டை காய்ந்தது. தினமும் குளித்துவிட்டு வந்து கண்ணாடியில் என் பூணூலைப் பார்க்கிறேனே, அதில் எந்தப் பக்கம் தெரியுமோ அதே பக்கம்தான் திரையிலும் இருந்தது. அதனால் என் கண்ணுக்குச் சரியாகவே பட்டது. மடையன், எதிரே நிற்பது கண்ணாடியல்ல, ஆள் என்று தோன்றவில்லை. அன்றைக்கு மயானத்தில் அண்ணாவுக்குப் பக்கத்தில் நானும்தான் பூணூலை மாற்றிப் போட்டுக்கொண்டு நின்றேன்.

"மிரர் போட்டதுல மாறிடுத்தும்மா. இப்பவே சரி பண்ணிடறேன்."

"சரி பண்ணு," என்று சொல்லிவிட்டு மறுபடி அரிவாள்மணையைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். வையவாவது வைதிருக்கலாம்.

பூணூல் தனி உருப்படியாகத்தான் இருந்தது. அதை மட்டும் இடது தோளுக்குத் திருப்பப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்தப் பத்து நிமிடத்தை முந்தின நாளே செலவழிக்காத என்னை எதால் அடிப்பது?

சரிசெய்து வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் அனுப்பினேன். பிரமாதம் என்று மாமாவே பாராட்டினார். சாயங்காலம் அம்மாவிடம், "பாத்தியாம்மா?" என்று கேட்டேன்.

"நன்னா இருக்குடா," என்றாள்.

கல்யாணம் முடிந்து அண்ணாவும் மன்னியும் தனிக்குடித்தனமும் போயாகிவிட்டது. அம்மாவுக்கு அனுப்பிய அந்த வீடியோவின் கீழே இரண்டு டிக்கும் இன்னும் நீலமாகவில்லை.