அர்த்தனாரி வாத்தியாரின் காளைப் பரீட்சை

கொல்லிமலையில் ஜப்பானிய மொழிக்கு ஒரு வாத்தியார் இருந்தார் என்று சொன்னால் இப்போது யாரும் நம்புவதில்லை. அவர் வாத்தியாராக இருந்தபோதும் நம்பவில்லை. எல்லாரையும்விடக் குறைவாக நம்பியவர் அந்த வாத்தியார் அர்த்தனாரிதான்.

மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு; அவர் திண்ணனூர் நாட்டில் பிறந்தவர். மீசை அரும்புகிற வயதில் மிளகு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு மலையிறங்கினார். மூட்டையைக் காளப்பநாயக்கன்பட்டி வியாபாரியிடம் இறக்கியவர், கழுத்து வலித்த வலியில் திரும்பி ஏறாமல் அப்படியே நாகப்பட்டினம் போய்க் கப்பலேறிவிட்டார். பினாங்கில் கொஞ்ச நாள். பிறகு ஜப்பானின் கோபே பட்டணத்தில் ஒரு தமிழ் ஜவுளி வியாபாரியின் வீட்டில் எட்டு வருஷம் சமையல். சண்டை மூளும் என்று பேச்சு வந்தவுடன், ஒரு காகிதக் குடையும் நிறைய மீன் பெயர்களுமாக ஊர் திரும்பினார். ஊரில் மிளகு மூட்டை அவருக்காகவே காத்திருந்தது.

அந்த மூட்டையிலிருந்து அவரை மீட்டவர், சென்னையில் தனியார் பள்ளி ஒன்றை நடத்திவந்த மேனேஜர். ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே காலியான நாற்பத்திரண்டாம் வருஷம், பள்ளியைப் பெஞ்சு நாற்காலிகளோடு தூக்கிவந்து வளப்பூர் நாட்டில் ஒரு காப்பிக் கிடங்கில் வைத்தார். மலைக்காய்ச்சலுக்குப் பயந்து பட்டணத்துப் பிள்ளைகள் ஒவ்வொருவராகத் திரும்பிப் போனார்கள். குண்டு பரவாயில்லை என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. மேனேஜர் கலங்கவில்லை. அடிவாரத்து மாட்டுத் தரகர்களின் பிள்ளைகளில், மற்றப் பள்ளிகளில் ஆறாம் பாரத்தைத் தாண்டமுடியாமல் மீசை முற்றிய ஆறு பேரைப் பிடித்துவந்து சேர்த்தார்.

மேனேஜர் தொலைநோக்கு உள்ளவர். வெள்ளைக்காரன் ஜெயித்தால் ஜப்பானியம் தெரிந்த பையன்களுக்கு ராணுவத்தில் மொழிபெயர்ப்பு வேலை. ஜப்பான்காரன் ஜெயித்தால் தாசில்தார் வேலை. இரண்டு பக்கமும் அடைத்துவிட்டு, வாத்தியார் தேடினார். மலையில் அந்தப் பாஷை தெரிந்தவர் ஒருவர்தான். அவரும் அன்றைக்குத் தலையில் மூட்டையோடு எதிரே வந்தார்.

அர்த்தனாரிக்குச் சட்டை வந்தது. வாத்தியாருங்க என்ற பெயர் வந்தது. கழுத்து நேரானது. வகுப்பு ஒரு வருஷம் குறைவில்லாமல் நடந்தது. அப்புறம்தான் பரீட்சை என்ற ஒன்று இருப்பது மேனேஜருக்கு ஞாபகம் வந்தது.

யோகோஹாமாவில் இருபது வருஷம் பாதிரிமார் பள்ளியில் இருந்த ஒரு வெள்ளைக்கார அம்மாள், ராணுவத்துக்காக ஊர் ஊராகப் போய் ஜப்பானிய வகுப்புகளைச் சோதித்துவந்தாள். அவள் மலைக்கு வருகிறாளாம். நன்று என்று எழுதினால் ஆறு பேரும் தேறுவார்கள், அர்த்தனாரிக்கு வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் என்ன என்று மேனேஜர் சொல்லவில்லை. ஜன்னல் வழியாக, மூட்டை சுமந்து இறங்கும் ஆட்களைப் பார்த்தார். அர்த்தனாரியும் பார்த்தார். கழுத்தில் சுரீரென்றது.

வினாத்தாள் வாத்தியார்தான் தயாரிக்கவேண்டும். மாதிரிக்கு மேனேஜர் ஓர் இங்கிலீஷ் வினாத்தாளைத் தந்து, இதே மாதிரி ஜப்பானியத்தில் இருக்கட்டும் என்றார். அரசனின் கடமைகளை விவரி; ஒரு சூரியோதயத்தை வருணி. கோபேயில் அர்த்தனாரி எந்த அரசனுக்கும் சமைத்ததில்லை. சூரியோதயத்தின்போது அடுப்பு ஊதிக்கொண்டிருந்தார். போதாததற்கு, அந்தப் பாஷையை எழுதத் தெரியாது. மீன் கடைப் பலகையில் இருந்த எழுத்துகளை மட்டும் படம் மாதிரி வரைவார்.

சோறு இறங்கவில்லை. தினைக் களி, அவருக்குப் பிடித்த களி, அதுவும் இறங்கவில்லை. மனைவி சென்னம்மாள் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"ஏனுங்க, எட்டு வருசம் அந்த ஊர்ல வாய மூடிட்டா இருந்தீங்க? தெனமும் என்னத்தப் பேசுனீங்களோ அதையே கேளுங்க."

"மீன் வாங்கத்தான் பேசுனேன்."

"அப்ப மீன் வாங்கச் சொல்லுங்க."

"மலைல மீனுக்கு எங்க போறது?"

"மீனில்லீன்னா மாடு. பசங்களுக்கு வேற என்ன தெரியும்?"

பரீட்சைத் திட்டம் அடுப்படியில் இப்படித்தான் உருவானது. மேனேஜர் அதைத் துரைத்தனமான இங்கிலீஷில் எழுதிக்கொண்டார். மாணவன் காளையோடு வரவேண்டும். குனிந்து வணங்கி முகமன் சொல்லவேண்டும். காளையின் வயதையும் பல்லையும் பற்றிப் பேசவேண்டும். பிறகு விலை பேசி முடிக்கவேண்டும். பாதி மார்க்கு விலைக்கு. அங்கேதான் 'இகுரா' என்று விலை கேட்பதும், 'தகாய்' என்று அதிகம் என்பதும், கெஞ்சலும் பிகுவும் எல்லாம் வரும். அர்த்தனாரிக்கு நன்றாகத் தெரிந்த பாஷையும் அதுதான். பையன்கள் ஒவ்வொரு வாக்கியத்தையும் கிடங்கு அதிரச் சொல்லிப் பழகினார்கள். காளையோடு மட்டும் பழகவில்லை. கிடங்குக்குள் காளை கூடாது என்பது மேனேஜரின் கொள்கை.

பரீட்சை நாளில் அம்மாளை டோலியில் தூக்கிவந்தார்கள். டோலிக்காரர்கள் இறக்கி வைத்ததும் தங்கள் கழுத்தைத் தேய்த்துக்கொண்டார்கள். அர்த்தனாரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

பலாமரத்தடியில் பரீட்சை. காளை, மாணவன் அப்பாசாமியின் அப்பாவுடையது. வாங்குபவர் அர்த்தனாரி. அம்மாள் நாற்காலியில் அமர்ந்து பென்சிலைச் சீவிக்கொண்டாள். வேடிக்கை பார்க்க வளப்பூர் நாடே வந்திருந்தது.

முதல் பையன் குனிந்த குனிவில் அம்மாள் புன்னகைத்தாள். முகமன் கணீரென்று வந்தது. பல்லைப் பற்றிய வாக்கியமும் வந்தது. பென்சில் ஓடியது. அடுத்தது விலை. பையன் தோள் துண்டை எடுத்துத் தன் கைமேல் போட்டு நீட்டினான். அர்த்தனாரியின் கை தானாகத் துண்டுக்குள் போனது.

சந்தையில் மாட்டு விலையை யாரும் வாயால் சொல்வதில்லை. சுற்றி நிற்பவன் கேட்டால் வியாபாரம் கெட்டது. துண்டுக்குள் விரலைப் பிடித்து, அழுத்தி, விட்டு, மறுபடி பிடித்து முடிப்பார்கள். பையன் பிரமாதமாகப் பேரம் பேசினான். அர்த்தனாரியும் விட்டுக்கொடுக்கவில்லை. கோபேயில் எட்டு வருஷம் இருந்தது வாய்தான். கை திண்ணனூர் நாட்டிலேயே இருந்திருக்கிறது. இரண்டாமவன் அதைவிடக் கெட்டிக்காரன். மூன்றாமவன் விரலை முறுக்கியபோது வாத்தியாருக்குப் பெருமையாகவே இருந்தது.

நான்காமவனின்போதுதான் அவர் தற்செயலாக அம்மாளைப் பார்த்தார். பென்சில் அசையவில்லை. பலாமரத்தடியில் அப்படியோர் அமைதி. ஜப்பானிய வாய்மொழித் தேர்வில், பாதி மார்க்குக்குரிய இடத்தில், ஈ பறப்பது கேட்டது.

பாதி மார்க்கு போயிற்று என்று அர்த்தனாரிக்கு உறைத்தது. ஐந்தாமவன் துண்டு போட்டதும் ரகசியமாக, "இகுரா? வாயத் தொறந்து சொல்லு சாமி" என்றார். பையன் முறைத்தான்.

"சித்தெ கம்முனு இருங்க வாத்தியாரே. சுத்தியும் ஆளுக நிக்கறது தெரியலீங்களா?"

ஆறாவதாக அப்பாசாமி வந்தான். துண்டுக்குள் போன வாத்தியாரின் கை கிடுகிடுவென்று நடுங்கியது. ஒவ்வொரு நடுக்கத்தையும் அப்பாசாமி விலை ஏற்றமாகவே எடுத்துக்கொண்டான். சீக்கிரமே முகம் மலர்ந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான்.

அம்மாள் எழுந்தாள். அர்த்தனாரியிடம் ஜப்பானியத்தில் நீளமாக ஏதோ சொன்னாள். அவருக்கு அதில் பாதி புரிந்தது. புரிந்த பாதியில் மீன் எதுவும் இல்லை. குனிந்தார். நிமிரத் தைரியம் வராமல் குனிந்தபடியே நின்றார். அவள் மேனேஜர் பக்கம் திரும்பி இங்கிலீஷில் சொன்னதை மேனேஜர் தமிழில் ஊருக்கு அறிவித்தார். ஜப்பானின் வடக்கே மாட்டுச் சந்தைகளில் தரகர்கள் அங்கியின் நீளக் கைக்குள் கைவிட்டு இப்படித்தான் சத்தமில்லாமல் விலை பேசுவார்களாம். தான் சோதித்த ஒரு வகுப்பிலும் இதைக் கற்பித்ததில்லையாம். இந்த வாத்தியார் அந்நாட்டு மக்களோடு மிக ஆழமாகப் பழகியிருக்கவேண்டுமாம். ஆறு பேருக்கும் முழு மார்க்கு.

அர்த்தனாரி கோபேயில் ஒரு மாட்டையும் உயிரோடு பார்த்ததில்லை. அதை அவர் அப்போது சொல்லவில்லை.

அன்று களி இறங்கியது. மறுவாரம் மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். ஆறு பேரும் தேறிப் போய்விட்டபடியால் வகுப்பில் மாணவர் இல்லை. மாணவர் இல்லாத வகுப்புக்கு வாத்தியார் வைக்கச் சட்டம் இடம் தராது. வேலை நிரந்தரம் என்பதில் மாற்றமில்லை, வகுப்புத்தான் இல்லை என்று விளக்கினார். அர்த்தனாரி கழுத்தைத் தடவிக்கொண்டே வீடு வந்தார்.

வாசலில் காளை நின்றது. பக்கத்தில் அப்பாசாமியின் அப்பா.

"துண்டுக்குள்ள முடிஞ்ச வெலைங்க. நீங்க பெரிய படிப்பாளி, பேச்சு மாறமாட்டீங்க. அதான் ஓட்டியாந்துட்டேன்."

கடைசி மாதச் சம்பளமும் சென்னம்மாளின் ஒரு வளையலும் அப்பாசாமியின் அப்பாவோடு போயின. சென்னம்மாள் சொன்னவற்றை அச்சிட முடியாது.

இப்போதும் மிளகு காலத்தில் அர்த்தனாரி மலையிறங்குவதைப் பார்க்கலாம். மூட்டை காளையின் முதுகில். கழுத்து நேராகத்தான் இருக்கிறது. ஆனாலும் வளைவு வந்தால் நின்று, எதிரே அந்த அம்மாளின் டோலி வருகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் நடக்கிறார். காளை முரண்டு பிடித்தால் ஜப்பானியத்தில் கெஞ்சுகிறார். அது பதில் சொல்வதில்லை. அந்த வகையில் அதுவும் முழு மார்க்கு வாங்கியதுதான்.