பரமேசக்காவின் மஞ்சள் கோடு

சனிக்கிழமை காலை, என் காரின் வலப்பக்கப் பின்சில்லுக்கு முன்னால் முழங்காலில் நின்றுகொண்டிருந்தேன். குளிர்காலம் முழுக்கப் போர்வைக்குக் கீழே கிடந்த காருக்குக் கழற்றி வைத்திருந்த சில்லுகளைத் திரும்ப மாட்டி, பதினாறு நட்டுகளில் கடைசி நட்டை அப்போதுதான் இறுக்கி முடித்திருந்தேன். இனி என் கையில் வேலை இல்லை. பரமேசக்கா ஆஸ்பத்திரியால் வந்து, குனிந்து பார்த்து, ஒவ்வொரு நட்டிலும் மஞ்சள் கோடு போட வேண்டும். அதுவரைக்கும் கார் அசையாது. அது எங்கள் இரண்டு பேருக்கும் இடையில் இருந்த சட்டம்.

தொலைபேசி அடித்தது. அக்காவின் மகன் சேந்தன்.

"அங்கிள், அம்மா காலமை போயிட்டா."

ஒரு மனிதன் அந்த நேரத்தில் சொல்ல வேண்டியது எத்தனையோ இருக்கிறது. நான் சொன்னது இது: "தம்பி, நான் பதினாறையும் இறுக்கிப்போட்டன்."

சேந்தன் கோபிக்கவில்லை. "ஓம் அங்கிள்," என்றான்.

முப்பத்தோராம் நாள் நினைவுக்கு அடிக்கும் கல்வெட்டுப் புத்தகத்தில் ஒரு பக்கம் எழுதித் தரச்சொல்லி அவன்தான் கேட்டான். எனக்குக் கணக்கில் இரண்டு தரம் கோட்டை விட்ட ஓ.எல். படிப்பு. பிறம்ரனில் ஒரு சாமான் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ற் ஓட்டுகிறேன். கடைசியாக நான் நீளமாக எழுதியது, ஒரு தட்டு ஓடுகளை எப்படி விழுத்தினேன் என்று மேற்பார்வையாளருக்குக் கொடுத்த விளக்கம். "நல்லா எழுதக்கூடிய ஆக்கள் கனபேர் இருக்கினம்," என்றேன். "அவையளுக்கு அம்மாவைக் கோயிலிலைதான் தெரியும், அங்கிள்," என்றான்.

உண்மைதான். நீங்கள் அவரை மாலை கட்டும் பரமேசக்காவாக அறிவீர்கள். திருவிழாவுக்கு முந்நூறு மோதகம் பிடித்த கையை அறிவீர்கள். அதே கை ஒரு முப்பது வயதுக் காருக்கு அடியில் என்ன செய்தது என்று நான் சொல்ல வேண்டும்.

அந்தக் காரை நான் ஐம்பது வயதில் வாங்கினேன். நீலம், இரண்டே இருக்கை, மடித்துத் திறக்கும் துணிக்கூரை. ஏறும்போது என் வயிறு முதலில் போகும், நான் பின்னால் போவேன். என் மனைவி அதற்கு அன்றைக்கே "சக்களத்தி" என்று பெயர் வைத்தாள். "வயசான காலத்திலை சக்களத்தி கொண்டு வந்தனீங்கள், அதையாவது ஓடக்கூடியதாப் பாத்துக் கொண்டு வந்திருக்கக் கூடாதே?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. மூன்றாம் நாளே அது எங்கள் டிரைவ்வேயில் படுத்துவிட்டது.

நான் கார்த் திறப்பைத் திருப்பித் திருப்பி என்ஜினை முனகவிட்டுக்கொண்டிருந்தபோது, இரண்டு வீடு தள்ளியிருந்த பரமேசக்கா வேலியோரமாக வந்தார். வீட்டில் போடும் பூப்போட்ட சோட்டி, அதற்கு மேலே பழைய குளிர்ச்சட்டை, கையில் கறிவேப்பிலை.

"தம்பி, திறப்பை விடும். பற்றறி பாவம்."

"ஸ்ராட் வருகுதில்லை, அக்கா."

"ஸ்ராட் வராட்டி வீட்டிலை நிப்பீர். பிறேக் பிடிக்காட்டி எங்கை நிப்பீர்? முதல்லை ஒரு சில்லைக் கழட்டும், பாப்பம்."

அன்றைக்குத்தான் அவருடைய சரித்திரம் எனக்குத் தெரிய வந்தது. ஸ்காபரோவில் வாகனங்களுக்குப் பிறேக் பூட்டும் தொழிற்சாலையொன்றில் இருபத்திரண்டு வருடம் நின்று வேலை செய்தவர். கறிவேப்பிலையை என் மனைவியிடம் கொடுத்துவிட்டு, மாம்பழப் பெட்டியைப் பிரித்துத் தரையில் போட்டு, அதன்மேல் குந்தினார். பிறேக்கைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கோயிலில் செருப்போடு உள்ளே வந்தவனைப் பார்க்கிற பார்வை.

"மூண்டு நாளா உதிலையோ ஓடினீர்? பிள்ளையார் உமக்குப் பின்னாலை ஓடித் திரிஞ்சிருக்கிறார்."

அப்படித் தொடங்கி நான்கு கோடை. சனிக்கிழமைகளில் கோயிலால் வந்து, சேலையை மாற்றி, பத்தரைக்கு என் கராஜ் கதவைத் தட்டுவார். ஒருமுறை பின்பக்கப் பிறேக்கின் திருகாணியொன்று துருப்பிடித்துப்போய் அசையவில்லை. இந்த ஊர் றோட்டில் கொட்டுகிற உப்பு செய்த வேலை. நான் ஆணி கழற்றும் சாவியில் இரும்புக் குழாயைச் செருகி, முழுப் பலத்தோடு ஏறி மிதிக்கப் போனேன். அக்கா என் சேர்ட்டில் பிடித்து இழுத்தார். "அவசரப்படாதையும். அது முப்பது வருசம் இருந்த இடம். எழும்பச் சொன்ன உடனை எழும்புமே?" எண்ணெய் விட்டார். தேத்தண்ணி குடித்தோம். திரும்பவும் எண்ணெய் விட்டார். மூன்றாவது தேத்தண்ணிக்குப் பிறகு அது சத்தமில்லாமல் கழன்று வந்தது. அதைத் தன் சோட்டியில் துடைத்து, "வாங்கோ ராசா," என்றார். என்னை அவர் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

இப்போது அந்தக் கோட்டுக்கு வருகிறேன். தொழிற்சாலையில் அவர்களுக்கு ஒரு வழக்கம். ஒருவர் ஆணியை இறுக்குவார். மற்றவர் சரிபார்த்து, ஆணியின் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரைக்கும் பெயின்ற் பேனையால் ஒரு மஞ்சள் கோடு இழுப்பார். ஆணி இளகித் திரும்பினால் கோடு முறிந்து காட்டிக்கொடுக்கும். என் கராஜுக்குள்ளும் அதே ஒழுங்கை அக்கா கொண்டுவந்தார். நான் இறுக்குவேன். சரியான அளவு வந்ததும் 'டிக்' என்று சொல்லும் நீண்ட சாவியால் அவர் ஒவ்வொன்றையும் திரும்பப் பிடித்துப் பார்த்து, கோடு இழுப்பார். பேனை அவருடையது. "இறுக்கினவர் கோடு போடக்கூடாது. தன்ரை வேலை ஆற்றை கண்ணுக்கும் நல்லதாத்தான் தெரியும்," என்பார். காரில் ஏறச்சொல்லிக் கேட்டால் மட்டும் தலையை ஆட்டுவார். "உம்மடை கையிலை எனக்கு நம்பிக்கை வரட்டும், பிறகு ஏறுறன்."

அந்த நம்பிக்கையை இரண்டாவது கோடையில் நான் கெடுத்துக்கொண்டேன்.

அக்கா பேரப்பிள்ளையின் பிறந்தநாளுக்குப் போயிருந்தார். என் மகள் ஆரணி, அப்போது இருபது வயது, அஜின்கோர்ட்டில் இருக்கும் தன் சிநேகிதியின் வீட்டுக்கு நீலக் காரில்தான் போகவேண்டும் என்றாள். மகள் என் காரை மதித்துக் கேட்ட முதல் நாள். சும்மா விடுவேனா? கழற்றி வைத்திருந்த நான்கு சில்லையும் கையால் மாட்டி, காரை இறக்கி, ஒவ்வொன்றாக இறுக்கிக் கோடு போட்டுக்கொண்டு வந்தேன். பேனையை அக்காவின் வீட்டுக்குப் போய்ச் சேந்தனிடம் கேட்டு வாங்கினேன் என்பதையும் மறைக்கவில்லை. மூன்று சில்லு முடிந்தது. பேனை காயத் தொடங்கியது. காய்வதற்குள் போட்டுவிடலாம் என்று நான்காவது சில்லுக்குக் கோட்டை முதலிலேயே போட்டேன். இறுக்குவது பிறகு. அந்த நேரம் பார்த்து மனைவி சாப்பிடக் கூப்பிட்டாள். கணவாய்க் கறி. திரும்பி வந்து பார்க்கிறேன், நான்கு சில்லிலும் கோடு. வேலை முடிந்தது!

எக்ளின்ரன் றோட்டில் 'டக் டக்' என்றது.

"அப்பா, வாட்ஸ் தட் சவுண்ட்?"

"பழைய கார் பிள்ளை, கதைக்கும்."

கதைக்கத்தான் செய்தது. மகள் இருந்த பக்கம்தான் கதைத்தது. ஒரு பிளாஸாவுக்குள் திருப்பி நிறுத்திப் பார்த்தால், வலப்பக்கப் பின்சில்லின் நான்கு நட்டும் என் விரலுக்கே சுற்றின. காரிலிருந்த சாவியை எடுத்தேன். இறுக்கினேன். மகளை இறக்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து பேனையைத் திருப்பிக் கொடுத்தேன். ஒருவரிடமும் மூச்சு விடவில்லை.

அடுத்த சனிக்கிழமை அந்தச் சில்லுக்கு முன்னால் குந்திய அக்கா எழும்பவில்லை.

"இந்த நாலு கோடும் ஏன் முறிஞ்சு கிடக்கு?"

நான் உப்பு, வெயில், றோட்டுக் குழி என்று கையில் கிடைத்த எல்லாவற்றிலும் பழியைப் போட்டுப் பார்த்தேன். அவர் கேட்டுக்கொண்டேயிருந்தார். கடைசியில் எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஆர் இருந்தது அந்தப் பக்கம்?"

"ஆரணி."

பேனையைச் சோட்டிப் பைக்குள் வைத்தார். "இனி நீங்கள் ஒரு நல்ல கராஜிலை குடுத்துப் பாருங்கோ," என்றுவிட்டுப் போனார். உரிமையோடு நீர் என்றே என்னைக் கூப்பிட்ட மனுசி. அந்த 'நீங்கள்' இன்றைக்கும் எனக்குக் காதில் நிற்கிறது. அவர் ஏசியிருந்தால் அன்றைக்கே நித்திரை கொண்டிருப்பேன்.

மூன்று சனிக்கிழமை கதவு தட்டப்படவில்லை. காரை நான் தொடவில்லை. நான்காவது சனிக்கிழமை எல்லாச் சில்லையும் கழற்றி, திரும்ப மாட்டி, இறுக்கி, கோடு இல்லாமல் விட்டேன். கோடு இல்லாத காரை ஓட்டக்கூடாது. ஆனால் அக்கா வரமாட்டார். ஆகவே தள்ளினேன். ஆரணி ஸ்ரியரிங்கில், நான் பின்னால், இரண்டு வீட்டுத் தூரம். என் வயிறு ஒரு பக்கம், கார் ஒரு பக்கம். புல்லு வெட்டிக்கொண்டிருந்தவர்கள் மெசினை நிறுத்திப் பார்த்தார்கள். "அப்பா, திஸ் இஸ் சோ எம்பரஸிங்," என்று மகள் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் றோட்டைப் பார்க்காததால் அக்காவின் குப்பைவாளி ஒன்று விழுந்தது.

சத்தத்துக்குக் கதவு திறந்தது. அக்கா வாளியைப் பார்த்தார், காரைப் பார்த்தார், மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற என்னைப் பார்த்தார்.

"காரை ஓடிக்கொண்டு வரேல்லையே?"

"கோடு இல்லை, அக்கா."

அவர் சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டு நாய் குரைத்தது. "நில்லும், பேனையை எடுத்துக்கொண்டு வாறன்," என்றார். நில்லும் என்றார்! எனக்குத் திரும்பவும் 'நீர்' கிடைத்துவிட்டது.

அந்த ஆவணியில் அவர் காரில் ஏறினார். கோயில் வாசலில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். சேலைத் தலைப்பால் தலையைக் கட்டிக்கொண்டு, திறந்த காரில், தேரில் வந்தவர் மாதிரி வந்திறங்கினார். ஐயர் சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்து ஏற்றச் சொன்னார். எல்லோரும் கற்பூரத்தைக் கும்பிட, அக்கா மட்டும் குனிந்து, தேசிப்புளி கோட்டில் பட்டதோ என்று பார்த்தார். வழி முழுக்க அவர் காதைச் சில்லுப் பக்கம் சாய்த்துக்கொண்டு வந்தார். வீட்டு வாசலில் இறங்கும்போதுதான் சொன்னார்: "இடப்பக்க முன்சில்லு கொஞ்சம் முணுமுணுக்குது. மற்றும்படி நல்ல காத்து."

போன மார்கழியில் அக்காவுக்கு உடம்பில் வருத்தம் இருப்பது தெரிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போன போதெல்லாம் காரைப் பற்றித்தான் கேட்டார். "சில்லு மாட்டினால் சொல்லும், வந்து கோடு போடுறன்." நானும் ஓம் ஓம் என்றேன். இரண்டு பேருக்கும் தெரிந்த பொய்யைப் பேசுவதற்கு அவரைவிட நல்ல ஆள் எனக்குக் கிடைக்கவில்லை.

செத்தவீட்டுக்கு வீட்டு வான் வண்டியில் போய்வந்தேன். கார் கராஜில் நின்றது, பதினாறு நட்டும் கோடில்லாமல். நானே போடலாம். ஒருதரம் அப்படிப் போட்டவன்தான். அதனால்தான் முடியவில்லை. இனி அது அங்கேயே நிற்கட்டும் என்று போர்வையை இழுத்தபோது மனைவி வந்தாள். சக்களத்தியைப் பற்றி நான்கு வருடத்தில் ஒரு நல்ல வார்த்தை பேசாதவள். கைப்பையைத் திறந்து மஞ்சள் பேனையை எடுத்தாள்.

"இது எப்பிடி உன்னட்டை?"

"நீங்கள் வேலைக்குப் போன ஒருநாள் நான் தனிய ஆஸ்பத்திரிக்குப் போனனான். அக்கா தந்தவ. 'உவரிட்டைக் குடுத்திடாதையும்' எண்டவ."

பிறகு அந்த 'டிக்' சாவியை எங்கே பிடிக்கவேண்டும் என்று கேட்டாள். ஒவ்வொரு நட்டாகப் பிடித்துப் பார்த்தாள். பதினோராவதில் நிமிர்ந்து, "இது டிக் எண்டேல்லை," என்றாள். பார்த்தேன். சரிதான். போன் வந்த அன்று எல்லாவற்றையும் இறுக்கிவிட்டேன் என்று சேந்தனுக்குச் சொன்னேனே, அது பதினைந்துதான். திரும்ப இறுக்கினேன். அவள் கோடு இழுத்தாள். கோலம் போடுகிற கை, அக்காவின் கோட்டைவிட நேராக வந்தது.

முப்பத்தோராம் நாளுக்கு அந்தக் காரில் நாங்கள் இரண்டு பேரும் வருவோம். அக்காவுடைய கோடு இன்னும் ஒன்று மட்டும் அதில் இருக்கிறது. முன்பக்கப் பிறேக்கைப் பிடித்திருக்கும் ஆணியில், அடியில் படுத்தால் மட்டும் தெரிகிற இடத்தில், போன புரட்டாதியில் அவர் கடைசியாக இழுத்தது. முறியவில்லை. ஆனால் பிறேக் கட்டை தேய்ந்துகொண்டு வருகிறது. பனி விழ முதல் அந்த ஆணியைக் கழற்ற வேண்டும். கழற்றினால் கோடு போய்விடும். இன்னொரு கோடைக்குத் தாங்கும் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். "என்ரை கோடோ பெரிசு, பிறேக்கோ பெரிசு?" என்று மாம்பழப் பெட்டியில் குந்தியிருந்து அவர் கேட்பது கேட்கிறது.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்தக் கேள்விதான். கழற்றுவேன், அக்கா. நான் இறுக்குவேன், அவள் கோடு போடுவாள்.