ஒரேயடியாக அழித்தவரும் நானும்

அவரை எனக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்கவில்லை. வவுனியாவில் இடம்பெயர்ந்தோருக்கான நிவாரண நிறுவனம் ஒன்றின் கொம்பியூட்டர் அறையை அதுவரை நான் தனியாகத்தான் பார்த்துவந்தேன். கொழும்பில் படித்துவிட்டு வந்த அவரை எனக்கு மேலே கொண்டுவந்து வைத்தார்கள். வந்து பையைக்கூட இறக்கிவைக்காமல், "நீர் டைப் பண்ணுறனீரோ?" என்று கேட்டார்.

"நான் புரோகிராம் எழுதுறனான்."

"ஓ," என்றார். பிறகு பையை என் மேசையில் வைத்தார்.

அது இரண்டாயிரமாம் ஆண்டு. பளையிலிருந்து இடம்பெயர்ந்து வந்த அம்மாவும் நானும் குருமன்காட்டில் ஒரு அறையில் இருந்தோம். வேலையை விட்டுவிட்டுப் போக எனக்கு வேறு இடம் இல்லை. அது அவருக்கும் தெரியும்.

எங்கள் புரோகிராம் மிகப் பெரியது. முகாம்களில் உள்ள குடும்பங்களைப் பதிவது, உலர் உணவு கொடுப்பது, பிள்ளைகளுக்குப் பால்மா கொடுப்பது எல்லாம் அதற்குள்தான் நடந்தன. பல வருடங்களாகப் பலர் எழுதிச் சேர்த்தது. மன்னார், திருகோணமலை அலுவலகங்களும் அதையே பாவித்தன. அதன் நிரல், அதாவது கோட், முழுவதும் கொழும்பில் ஒரு கொம்பியூட்டரில் இருந்தது. நாங்கள் எதையாவது மாற்றினால், ஏன் மாற்றினோம் என்று ஒரு வரி எழுதி, தொலைபேசி இணைப்பு வழியாக அங்கே சேர்ப்போம். அப்படிச் சேர்க்கும் ஒவ்வொரு மாற்றமும் ஒரு கொமிட். பிறகு பிழையென்று தெரிந்தால் அந்தக் கொமிட்டை மட்டும் திருப்பி எடுத்துவிடலாம்.

முன்பு குடும்பங்களை முகாம் கொட்டில் இலக்கத்தால் பதிந்தோம். பிறகு குடும்ப அட்டை இலக்கம் வந்தது. பழைய பதிவு முறைக்கான நிரலை இனி அகற்றிவிடலாம் என்று கொழும்புத் தலைமை அலுவலகம் சொன்னது.

"கொஞ்சம் கொஞ்சமா எடுப்பம்," என்று அவரிடம் சொன்னேன். "எது எதில தொங்குதெண்டு ஒருத்தருக்கும் தெரியாது."

"செத்த கோட். அதுக்கு என்ன கொஞ்சம் கொஞ்சமா?"

வவுனியாவில் தங்குவதற்கான பாஸைப் புதுப்பிக்க நான் வரிசையில் நின்ற நாளில் அவர் எல்லாவற்றையும் ஒரே கொமிட்டில் அழித்துவிட்டார். அதோடு நிற்கவில்லை. தனக்குப் பிடிக்காத பெயர்களை மாற்றி, மெனுவை ஒழுங்குபடுத்தி, திருகோணமலை கேட்டிருந்த ஒரு திருத்தத்தையும் அதற்குள்ளேயே போட்டிருந்தார். எழுதிய வரி: "பழையதை அகற்றியது."

அடுத்த பால்மா நாளில் மன்னாரிலிருந்து தொலைபேசி வந்தது. எடுத்தவள் நான்.

"பிள்ளையள் வரிசையில நிக்குதுகள். உங்கட மெசின் ஒரு பிள்ளையும் இல்லையெண்டு சொல்லுது!"

பிள்ளைகளின் வயதைக் கணக்கிடும் பகுதி அந்தப் பழைய பதிவுக்குள்தான் இருந்தது. அது போனதும் பால்மாவுக்கு உரிய வயதில் யாருமே இல்லாமல் போய்விட்டார்கள். அதை மட்டும் திருப்பி எடுக்க வழியில்லை. எல்லாம் ஒரே கட்டு. முழுவதையும் திருப்பினோம். உடனே திருகோணமலைக்காரர் தங்கள் திருத்தம் போய்விட்டது என்று கத்தினார்கள்.

எங்கள் பொறுப்பாளரை எல்லோரும் மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். அவா எங்கள் இருவரையும் அழைத்தார்.

"வயசுக் கணக்கு அதுக்குள்ள கிடக்கெண்டு இவ எனக்குச் சொல்லேல்லை," என்றார் அவர்.

"நீங்கள் என்னைக் கேட்டனீங்களோ? நான் லீவில நிண்ட நாளாப் பாத்து அழிச்சனீங்கள்."

"நீர் சத்தம் போடாதையும்."

"ரெண்டு பேரும் நிப்பாட்டுங்கோ," என்றார் மிஸ். "பிள்ளை, நீர் பிரிச்சுச் செய்யும். அவர் பாத்து ஓமெண்டு சொன்னால்தான் கொழும்புக்குப் போகும்."

எனக்கு அது தண்டனையாகவே பட்டது. இருந்தும் செய்தேன். முதலில் வயதுக் கணக்கை வேறிடத்துக்கு மாற்றுவது மட்டும், எதையும் அழிப்பதில்லை. அடுத்தது பழைய முறையில் பதியும் திரைகளை எடுப்பது. யாராவது இன்னும் அவற்றைப் பாவித்தால் அப்போது தெரியவரும். அதன் பிறகு நிரலின் வேறெந்த இடமும் பாவிக்காத பகுதிகள். பழைய பதிவுத் தரவுகள் கடைசியில்தான். ஒவ்வொரு கொமிட்டுக்குப் பிறகும் புரோகிராம் பிழையில்லாமல் ஓட வேண்டும்.

"தேங்காய் துருவுற மாதிரித் துருவுறீர்," என்பார் அவர். நான் திரும்பிப் பார்ப்பதில்லை. என் ஒவ்வொரு வரியையும் பிழை பிடிக்கவென்றே வாசித்தார். ஒருநாள் பேனையால் திரையைத் தட்டினார்.

"இதில பேரும் மாத்தியிருக்கிறீர், அழிச்சும் இருக்கிறீர். இதுக்குத்தானே என்னைப் பிழை சொன்னனீர்?"

பார்த்தேன். அவர் சொன்னது சரி. அதை இரண்டு கொமிட்டாகப் பிரித்துத் திரும்பக் கொடுத்தேன். அன்று பின்னேரம் முழுக்க அவர் மெல்ல விசிலடித்துக்கொண்டே இருந்தார். அந்த விசிலை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

திரைகளை எடுத்த பிறகு திருகோணமலையில் ஒரு முகாம் இன்னும் கொட்டில் இலக்கத்தில்தான் பதிகிறது என்று செய்தி வந்தது. அந்த ஒரு கொமிட்டை மட்டும் திருப்பினேன். தேத்தண்ணி ஆறமுன் வேலை முடிந்தது. மற்ற எதுவும் அசையவில்லை. அவர் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனார். அந்த முகாமையும் அட்டைக்கு மாற்றிய பின்னர் மிச்சத்தை எடுத்து முடித்தோம்.

இதை எப்படிச் செய்தோம் என்று கேட்கக் கொழும்பிலிருந்து பொறியியலாளர் ஒருவர் வந்தார். கூட்டத்தில் எங்கள் ஆள் எழும்பி, "நான் இதை முதல்ல பிரிச்சன். பாவிக்கிற பகுதியை வெளியில எடுத்தன்..." என்று தொடங்கினார்.

"நான் எண்டு சொல்லாதையுங்கோ," என்றேன். "பிரிச்சது யார் எண்டு சொல்லுங்கோ."

மிஸ் மேசைக்குக் கீழே என் காலை மிதித்தார். கொழும்புக்காரர் கேளாதவர்போல, தரவுகளை ஏன் கடைசியில் எடுத்தீர்கள் என்று அவரைப் பார்த்துக் கேட்டார். நிரலை எப்போதும் திருப்பலாம், அழித்த தரவைத் திருப்ப முடியாது, ஆகவே ஒன்றும் தேவையில்லை என்று உறுதியான பிறகுதான் அதில் கை வைத்தோம் என்று அவர் தெளிவாகச் சொன்னார். என்னைக் குத்திக் கிழிக்க அத்தனை வரியையும் படித்தவர், எல்லாவற்றையும் என்னளவுக்கு விளங்கி வைத்திருந்தார். அவர் தடுமாறியிருந்தால் எனக்கு மனம் ஆறியிருக்கும்.

"எல்லாருக்கும் முன்னால ஏன் பிள்ளை அப்பிடிக் கதைச்சனீர்?" என்று மிஸ் பிறகு கேட்டார்.

"அப்ப ஆருக்கு முன்னால கதைக்கிறது, மிஸ்?"



அடுத்த வருடம் எங்கள் ஆளுக்குக் கொழும்பு அலுவலகத்தில் பெரிய பதவி கிடைத்தது. பிரியாவிடைக்குக் கேக் வெட்டினார்கள். ஒரு துண்டைத் தட்டில் வைத்து என்னிடம் நீட்டினார்.

"நீர் கெட்டிக்காரிதான். வாய்தான் கொஞ்சம் கூட."

"ரெண்டும் எனக்குத் தெரியும்," என்றேன். கையை நீட்டவில்லை. தட்டு கொஞ்ச நேரம் எங்கள் இருவருக்கும் நடுவில் நின்றது. பிறகு மிஸ் அதை வாங்கிச் சாப்பிட்டார்.