அடி அண்ணாமலையில் ஓர் ஆட்டோ

மணி பன்னிரண்டு. கிரிவலப் பாதையின் தார் உள்ளங்காலைப் பொசுக்குகிறது. கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே கடைவீதியைச் சுற்றிப் பார்த்தபோதே ஒரு பூக்கடையில் செருப்பை விட்டுவிட்டேன். கையில் இருந்தால் மனம் மாறிவிடும் என்ற பயம்தான்.

அடி அண்ணாமலையில் மோர் விற்கும் அம்மா ஒரு டம்ளர் மோரை என்னிடம் நீட்டியபடி என் காலைப் பார்க்கிறார். பக்கத்தில் ஓர் ஆட்டோ வந்து நிற்கிறது.

“கொப்புளம் ஜாஸ்தியா இருக்குதே சார். ஆட்டோல போயிடுங்க. நெறைய பேரு அப்படித்தான் போறாங்க” என்கிறார் அந்த அம்மா.

“தப்பில்லையாம்மா?” என்று கேட்கிறேன்.

“தப்புலாம் இல்ல. ஆனா ஏறினவங்க யாரும் மலைப்பக்கம் திரும்பிப் பாக்க மாட்டாங்க.”

மோரைக் குடித்து முடிக்கிறேன். டிரைவரிடம் வேண்டாமென்று தலையசைக்க, ஆட்டோ காலியாகவே கிளம்புகிறது. வலப்பக்கம் மலை வெயிலில் நிற்கிறது. அதை நேராகப் பார்த்துக்கொண்டே தாரில் காலை வைக்கிறேன்.