தார் ரோட்டைத் தின்றது யார்?

மூன்று வாரம் முன்பு இதே பக்கத்தில் எங்கள் செஞ்சி பஸ் ஸ்டாண்டுத் தார் ரோட்டைப் பற்றிப் பொரிந்து தள்ளியிருந்தேன், நினைவிருக்கிறதா? போட்டு ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் குழி! 'தாரைக் குறைத்துவிட்டார்கள்' என்று எழுதினேன். எழுதியதை நானே நாலு தடவை படித்து ரசித்தேன்.

போன வாரம் வீட்டு வாசலில் ஒரு தம்பதி. அந்த ரோட்டைப் போட்ட மேஸ்திரி ஏழுமலை. அவரோடு தார் ஊற்றுகிற அவர் மனைவி பச்சையம்மா.

"நீங்க எழுதினத கான்டிராக்டர் படிச்சிட்டாரு சார். அவலூர்பேட்டை ரோடு வேலைக்கு இனிமே வராதன்னுட்டாரு" என்றார் ஏழுமலை. குரலில் கோபமில்லை. இருந்திருந்தால் தேவலை.

ஆனாலும் விட்டுக்கொடுக்க மனசு வருமா? "குழி விழுந்தது பொய்யா?" என்றேன்.

"குழி நெசந்தான். எந்த எடத்துல விழுந்திருக்குதுன்னு பாத்தீங்களா?" என்றார் பச்சையம்மா. "வாங்க, காட்டுறேன்."

போனோம். பஸ் ஓடுகிற இடமெல்லாம் ரோடு கெட்டியாக இருந்தது. பஸ் வந்து நிற்கிற இடத்தில் மட்டும் குழி! ஒரு பஸ் நின்றிருந்தது. அதன் டாங்கிலிருந்து டீசல் சொட்டு... சொட்டு... கீழே தார் கொழகொழவென்று இளகிக் கிடந்தது. பச்சையம்மா கால் கட்டைவிரலால் ஒரு ஜல்லியை நெம்பினார். கழன்று வந்துவிட்டது.

"டீசல் பட்டால் தார் கரையுமா?" நான் நம்பவில்லை. இத்தனைக்கும் நான் பி.ஏ.!

பச்சையம்மா இரண்டு கைகளையும் நீட்டினார்.

"தெனம் வேல முடிஞ்சா இந்தக் கையெல்லாம் தார் அப்பிக்கிட்டு இருக்கும். சோப்புக்குப் போவாது. கிருஷ்ணாயில் ஊத்தித் தேச்சாத்தான் போவும். டீசல் அதுக்குப் பங்காளிதான சார்? கையில இருக்குற தார எடுக்குறது, ரோட்டுல இருக்குற தார மட்டும் வுட்டுடுமா?"

மண்ணெண்ணெய் போட்டால் தார் போகும் என்பது எனக்கும் தெரியும். செருப்பில் ஒட்டிய தாரை நானே அப்படி எடுத்திருக்கிறேன். தெரிந்ததையும் யோசித்துப் பார்க்காமல் எழுதியிருக்கிறேன் — பேனா கையில் இருக்கிற திமிர்!

"சரி, என்னதான் வழி?"

"சிந்துனா உடனே மணலக் கொட்டி வாரிடணும், ஊற வுடக்கூடாது" என்றார் ஏழுமலை. "ஆனா பஸ் நிக்கிற எடத்துக்குத் தாரே வேணாம் சார். நம்ம ஊரு கருங்கல்லப் பலகையா ஒடச்சிப் பதிச்சி, சந்துல சிமென்ட் பூசிட்டா, டீசல் அத இன்னா பண்ணும்?"

கருங்கல்! மூன்று மலைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிற ஊர். எந்த இன்ஜினீயர் புத்தகத்தையும் புரட்டாமல் எங்கள் ஊர்க்காரர் சொல்லிவிட்டார். பெருமையில் எனக்குச் சட்டை கொஞ்சம் இறுக்கமாகிவிட்டது.

இருவரையும் அழைத்துக்கொண்டு நேரே கான்டிராக்டரிடம் போனேன். ரோடு வேலையை மேற்பார்க்கிற ஓவர்சியரும் அங்கே இருந்தார். "தப்பு என்னுடையது" என்றேன். அதைச் சொல்வதற்குள் நான் பட்ட பாடு...! பச்சையம்மா கையை நீட்டி மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். கான்டிராக்டரும் ஓவர்சியரும் வந்து குழிகளைப் பார்த்தார்கள், ஓவர்சியர் தலையாட்டினார். நேற்று கல் பதிக்கத் தொடங்கியாயிற்று. மேஸ்திரி யார்? ஏழுமலைதான். அது முடிந்ததும் அவலூர்பேட்டை ரோடு.

நேற்று வேலையைப் பார்க்கப் போனபோது பச்சையம்மா கேட்டார்: "தப்பா எழுதுனது பேப்பர்ல வந்திச்சி. சரியா எழுதுறப்ப எங்க பேரப் போடுவீங்களா சார்?"

போட்டுவிட்டேன், பச்சையம்மா. கான்டிராக்டர் காதில் விழுகிற மாதிரி யாரையாவது உரக்கப் படிக்கச் சொல்லுங்கள்!