பேருந்துக்குள் வெடித்த காய்கள்

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குச் செய்தி வந்தது. ஆர்லிஸ் காபியில் இன்னும் வாய் வைத்திருக்கவில்லை. தொலைபேசியில் டெல்மர், கல்லறைத் தோட்டத்தில் புல் வெட்டுபவன்.

"உன் மஞ்சப்பூ எல்லாம் காயாகிக் கறுத்துப்போச்சு, ஆர்லிஸ். இன்னிக்கே வெட்டிடச் சொல்லிட்டாங்க. பத்து மணிக்குப் புல்வெட்டி வண்டியை எடுத்துருவேன்."

"எடுத்துப் பாரு. டயர்ல காத்து இருக்காது."

"அதுக்குப் பயந்துதானே இப்பவே கூப்பிடறேன்!"

அந்த வருட வசந்தத்தில், காய்ந்த புல்லை ஒழிக்கக் கல்லறைத் தோட்டத்தின் பின்பக்கத்தில் தீ வைத்தார்கள். எத்தனையோ வருடம் கண்ணில் படாத கௌதாரிப் பட்டாணி என்ற காட்டுச்செடி, கரிக்குள்ளிருந்து கிளம்பி ஆவாரம்பூ நிறத்தில் பூத்தது. சோளமும் சோயாவுமே நிறைந்த அந்த அயோவா வட்டாரத்தில் வேறெங்கும் அது இல்லை. ஒரு வருடச் செடி. விதை போனால் எல்லாம் போச்சு. பள்ளிப் பேருந்து ஓட்டும் ஆர்லிஸுக்கு, தான் தினமும் போகும் சாலையின் ஓரமெல்லாம் அதை விதைத்துவிட வேண்டும்.

வாசலில் நின்ற பேருந்தையே எடுத்தாள். வழியில் நாத்தனார் ட்வைலா இரவு உடையோடு ஏறிக்கொண்டாள். பனி ஈரம் உள்ளவரைதான் காய்கள் சும்மா இருக்கும். வெயில் ஏறினால் முறுக்கி வெடித்து விதையை வீசிவிடும். இருவரும் கல்லறைத் தோட்டத்தில் இறங்கி, கை ஓயாமல் பறித்துத் தொட்டியில் போட்டார்கள். டெல்மர் வந்தான், முன்பக்கத்தையே மூன்று தடவை வெட்டினான்.

"அங்க இன்னும் புல்லு இருக்கா என்ன?" என்று கத்தினாள் ஆர்லிஸ்.

"எனக்குக் கண்ணு சரியில்ல! நீ பறி!"

கடைசிக் காயும் தொட்டியில் விழுந்தது. தொட்டியைப் பேருந்துக்குள் ஏற்றிவிட்டு, மூவரும் உணவகத்துக்குப் போய் ஆப்பிள் பை பலகாரம் தின்று திரும்பினால், பேருந்துக்குள் பட் பட்டென்று சோளம் பொரிகிற சத்தம். கண்ணாடியில் எல்லாம் விதை வந்து மோதியது.

"ட்வைலா! தொட்டிமேல போர்வை போட்டியா?"

"நீ போட்டேன்னு நெனச்சேன்!"

ஆர்லிஸ் கதவருகே கைதட்டிக் குதித்தாள். "ஜன்னல் எல்லாம் மூடியிருக்கு! ஒண்ணுகூட வெளிய போகல! நமக்கு உரிக்கிற வேலை மிச்சமாச்சு!"

சாயங்காலம்வரை இருக்கைக்கு இருக்கை கூட்டி அள்ளினார்கள்.

அங்கே இந்த விதையைக் குளிர்காலத்தில், கொட்டிக் கிடக்கும் பனியின் மேல்தான் தூவுவார்கள். உறைந்து உருகும் மண் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஜனவரியில் ஆர்லிஸ் தன் சாலையோரத்தில் ஓடைப் பாலம்வரை தூவி முடித்தாள். பிப்ரவரியில் ஓர் இரவு, தூக்கத்திலேயே அவள் இதயம் நின்றுவிட்டது.

பாலத்திலிருந்து பள்ளி வளைவுவரை தூவவேண்டிய விதை, ஒரு காபி டப்பாவில், அவள் பேருந்தின் ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் இன்னும் இருக்கிறது.